தவறுகள் குறைவாகப் பதிவாகும் ஆஸ்பத்திரி பாதுகாப்பானதுதானா?

அப்படி நம்பிவிடாதீர்கள். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் தரப்பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். தவறு நடந்தால் எழுதித் தர வார்டில் படிவம் உண்டு. எழுதினால் மெமோ வரும் என்று பயந்தால் எந்த சிஸ்டர் எழுதுவார்? மாத அறிக்கையில் பூஜ்யம் என்று வரும், எல்லோரும் கை தட்டுவார்கள்.

2011-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் 3 மருத்துவமனைகளிலிருந்து 795 கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஷீட்டைப் படித்துத் தேடியதில் அகப்பட்ட, சிகிச்சையால் நோயாளிக்கு வந்த பாதிப்புகள் 354. ஊழியர்கள் தாங்களாக எழுதித் தந்திருந்தவை 4.

அந்தத் தேடலுக்குப் பெயர் குளோபல் ட்ரிக்கர் டூல். டிஸ்சார்ஜ் ஆனவர்களின் ஷீட்டுகளில் மாதம் 20-ஐக் குத்துமதிப்பாக உருவி, ஒன்றுக்கு 20 நிமிடத்துக்கு மேல் செலவழிக்காமல், துப்பு மட்டும் தேடுவது. சுகர் 50-க்குக் கீழே போனதா, மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்களா, திடீரென ஐசியூவுக்கு மாற்றினார்களா? துப்பு கிடைத்தால் ஏன் என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கிடைத்த பாதிப்புகளை 1,000 நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்) இத்தனை என்று கணக்கிட்டு மாதாமாதம் ஒப்பிடலாம்.

என் கண்ணில் அடிக்கடி படுவது சுகர்தான். இரவுக் குறிப்பில் 'சுகர் 46, வியர்வை, 25% டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தது' என்று ஒரே ஒரு வரி இருக்கும். பின்னால் புரட்டினால் எட்டு மணிக்கு இன்சுலின் போட்டிருப்பார்கள், உடனே ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருப்பார்கள், சாப்பிட்டதாக எங்குமே குறிப்பு இருக்காது. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏறியதும் ஆள் தெளிந்துவிட்டார், அதனால் யாருக்கும் இது தவறாகவே படவில்லை. எனக்கு இது பாதிப்புதான். கடலூரிலிருந்து துணைக்கு வந்து, கணவர் நினைவு தப்புவதைப் பார்த்து நடுங்கிப்போன அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பே வந்திருக்கலாம்.

'கவனமாக இருங்கள்' என்று சுற்றறிக்கை விடுவதில் பிரயோசனமில்லை. ராத்திரியில் அந்த சிஸ்டர் ஒருவரே வார்டு முழுக்க ஓடுகிறார். வேலைமுறையைத்தான் மாற்ற வேண்டும்: சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகே இன்சுலின், இன்சுலின் போட்டுவிட்டால் சாப்பிடாமல் ஸ்கேனுக்கு அனுப்பக் கூடாது.

உங்கள் வீட்டில் யாராவது அட்மிட் ஆகியிருந்தால், ஊசி போட்டதும் வேறெங்காவது கூப்பிடும்போது 'இவர் இன்னும் சாப்பிடவில்லை சிஸ்டர்' என்று தயங்காமல் சொல்லுங்கள். அப்புறம் அதை ஷீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். எழுதியிருந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் கண்ணில் படும்.