சொல் கேளுங்கள்: எத்தனை சார்ஜ்!

கேள்வி: பஸ் சார்ஜ், செல்போன் சார்ஜ், சார்ஜ் ஷீட், இன்சார்ஜ். ஒரே சொல் எப்படி இத்தனை இடத்தில் வந்து உட்கார்ந்தது? (வாசகர், மன்னார்குடி)

பதில்: லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் சரக்கு ஏற்றுவதைக் குறித்த வினைச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சார்ஜ்' ஆயிற்று. 'கார்கோ'வும் அதே குடும்பம். சுமைதான் மூலப் பொருள். பணத்தைச் சுமத்தினால் கட்டணம், பழியைச் சுமத்தினால் குற்றச்சாட்டு, வேலையைச் சுமத்தினால் பொறுப்பு, மின்சாரத்தை ஏற்றினால் செல்போன் சார்ஜ்.

கேள்வி: சார்ஜ் ஷீட் தாக்கலாகிவிட்டது என்கிறார்கள். பல மாதம் கழித்து 'சார்ஜ் ஃபிரேம்' ஆனதாகச் செய்தி வருகிறது. இரண்டும் ஒன்றா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இல்லை. சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை, புலனாய்வு முடித்த போலீஸ் தருவது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 173. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பிரிவு 193. சார்ஜ் ஃபிரேம் செய்வது நீதிபதி. ஆவணங்களைப் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு, வழக்குக்கு முகாந்திரம் இருந்தால் குற்றச்சாட்டைப் பதிவு செய்வார். இல்லையென்றால் 'டிஸ்சார்ஜ்', வழக்கிலிருந்து விடுவிப்பு. விசாரணை முடிந்து குற்றவாளி இல்லை எனத் தீர்ப்பு வந்தால் அது 'அக்விட்டல்', விடுதலை. நாளிதழ்களே இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன. இன்னொன்று: 'சார்ஜ்டு' என்ற வினைக்குப் பின் 'வித்' வரும், 'அக்யூஸ்டு'க்குப் பின் 'ஆஃப்'. பலரும் மாற்றி எழுதுவது இங்கேதான்.

கேள்வி: 'இன் சார்ஜ் ஆஃப்', 'இன் தி சார்ஜ் ஆஃப்' வேறுபாடு என்ன? (வாசகர், தென்காசி)

பதில்: ஒரு 'தி' ஆளையே மாற்றிவிடும். நர்ஸ் குழந்தைக்கு 'இன் சார்ஜ் ஆஃப்'. குழந்தை நர்ஸுக்கு 'இன் தி சார்ஜ் ஆஃப்'. முதலாவதில் எழுவாய் பார்த்துக்கொள்பவர், இரண்டாவதில் பார்த்துக்கொள்ளப்படுபவர். நம் அலுவலகங்களில் 'இன்சார்ஜ்' என்றால் பெயருக்குப் பின் '(பொறுப்பு)' என்று போடுகிற தற்காலிக ஏற்பாடு. பொது ஆங்கிலத்தில் அதற்கு 'ஆக்டிங்' என்பதே சரி. வெளிநாட்டுக்கு எழுதும் கடிதத்தில் 'இன்சார்ஜ்' என்று போட்டால் நிரந்தர அதிகாரி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: வங்கிக் கடன் தாளில் 'சார்ஜ்' என்று இருக்கிறது. கட்டணமா? (வாசகர், ஓசூர்)

பதில்: தொகையோடு 'சார்ஜஸ்' என்று பன்மையில் இருந்தால் கட்டணம். 'சார்ஜ் ஆன்' என்று சொத்தின் விவரம் தொடர்ந்தால், அந்தச் சொத்தின் மேல் வங்கிக்கு உள்ள பிடி. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 100 இதைத்தான் சொல்கிறது. கடனை அடைத்ததும் வில்லங்கச் சான்றில் அந்தப் பிடி நீங்கியதற்கான பதிவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் விற்கும்போது வாங்குபவரின் வங்கி தயங்கும்.