மணிலா வாத்து பறக்கிறதா? இறகு வெட்டும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: முன்பு நாட்டு வாத்து வளர்த்தோம், இடுப்பளவு வேலியைக்கூடத் தாண்டாது. இப்போது வாங்கிய மணிலா வாத்துகளில் பெட்டைகள் பொழுது சாய்ந்தால் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் போய் உட்காருகின்றன. ஆண் இரண்டும் தரையிலேயே கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் இறகை வெட்டிவிடலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம். ஓட்டின் மேல் ஏறுகிறவற்றுக்கு மட்டும் வெட்டினால் போதும்.

நாட்டு வாத்து, வெள்ளை பெக்கின், காக்கி கேம்பல் எல்லாம் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழி வந்தவை. வளர்ப்பில் அவற்றின் பறக்கும் திறன் பெருமளவு குறைந்துவிட்டது. மணிலா வாத்து என்று நாம் சொல்லும் மஸ்கோவி வேறு இனம். மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை, நீர்நிலையை ஒட்டிய காடுகளில் மரப்பொந்தில் முட்டையிட்டு, இரவில் கிளையில் அடைகிற பறவை அது. கொலம்பஸ் கப்பல் போய்ச் சேரும் முன்பே அங்குள்ள பூர்வகுடிகள் அதை வீட்டுப் பறவையாக்கிவிட்டார்கள். அப்படியும் கூரிய நகமும், இருட்டும் முன் உயரம் தேடும் பழக்கமும் போகவில்லை.

பெட்டை 2 முதல் 3 கிலோ, தாராளமாகப் பறக்கும். முழு வளர்ச்சி அடைந்த ஆண் பெரும்பாலும் நாலரைக் கிலோவுக்கு மேல். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு கூரை ஏறுவது அபூர்வம். எடை ஏறாத இளம் ஆண்கள் மட்டும் சில மாதம் பறந்து காட்டும்.

வெட்டும் முன் பறப்பதற்கான காரணத்தையும் பாருங்கள். நாலைந்து பெட்டைக்கு ஓர் ஆண் என்பது சரியான கணக்கு. ஆண்கள் கூடினால் துரத்தல் தாங்காமல் பெட்டைகள் கூரைக்குப் போகும். சாயங்காலத் தீவனத்தைக் கொட்டகைக்குள் மட்டும் வைத்து, உள்ளே ஒன்றரை அடி உயரத்தில் அகலமான கட்டை ஒன்று போட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

கேள்வி: எந்த இறகை, எவ்வளவு வெட்ட வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.
– வாசகி, திருவையாறு

பதில்: இருட்டிய பின் கொட்டகைக்குள் பிடியுங்கள், ஓடவிட்டுத் துரத்த வேண்டியிருக்காது. காலையோ இறக்கையையோ பிடித்துத் தூக்கக்கூடாது. இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்து, தலை உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். நகம் கிழிக்கும், முழுக்கைச் சட்டை அவசியம். வெட்டுவதற்கு இன்னொருவர் வேண்டும்.

ஒரு பக்க இறக்கையை மட்டும் விசிறியாக விரியுங்கள். நுனியிலிருந்து உள்நோக்கி எண்ணினால் பத்து நீள இறகுகள் வரும். பறக்க உந்துவிசை தருபவை இவைதான். அவற்றின் அடிப்பகுதியை வரிசையாகச் சிற்றிறகுகள் மூடியிருக்கும். அந்தச் சிற்றிறகு முடியும் இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, பத்தையும் கூர்மையான கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். மழுங்கிய கத்தரி தண்டைப் பிளந்துவிடும்.

பத்துக்கு உள்ளே, உடம்பை ஒட்டிய இறகுகளைத் தொடாதீர்கள். மழையிலிருந்து முதுகைக் காப்பதும், இறக்கையை மடக்கும்போது வெட்டிய இடத்தை மறைப்பதும் அவைதான்.

அழகுக்காக நுனியில் இரண்டு இறகை விட்டுவைப்பவர்கள் உண்டு. எடை குறைந்த பெட்டைக்கு அந்த இரண்டே போதும், மறுநாள் ஓட்டின் மேல் இருக்கும். அதேபோல இரண்டு பக்கமும் வெட்டுவதும் தவறு. சமநிலை குலைவதால்தான் பறவை எழும்ப முடியாமல் போகிறது. இருபுறமும் ஒரே அளவு வெட்டினால் தாழ்வாகவாவது பறக்கப் பழகிக்கொள்ளும்.

கேள்வி: மூன்று மாத வாத்துக்கு வெட்டியதில் இரத்தம் கொட்டிவிட்டது. முற்றிய இறகில் உணர்ச்சி இல்லை என்கிறார்களே?
– வாசகர், மேலூர்

பதில்: முற்றிய இறகுக்கு அது உண்மை. நீங்கள் வெட்டியது வளர்ந்துகொண்டிருக்கும் குருத்து இறகு. அதன் தண்டுக்குள் இரத்தம் ஓடும். இறக்கையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தண்டு கருநீலமாக, தடித்து, மெழுகு போன்ற உறையோடு தெரியும். முற்றிய தண்டு வெளிறி, உள்ளே காலியாக இருக்கும். குஞ்சுகளுக்குப் பறக்கும் இறகு நிறைவதே 10 முதல் 12 வாரத்தில்தான். நான்கு மாதம் ஆகட்டும். அப்போதும் ஒவ்வொரு தண்டாகப் பார்த்தே வெட்ட வேண்டும்.

இரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளோர் மாவை வெட்டுவாயில் வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வேரோடு பிடுங்கும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். இரத்தம் நின்ற பிறகும் அந்த வாத்தைத் தனியே வையுங்கள், மற்றவை கொத்தும்.

கேள்வி: சரியாகத்தான் வெட்டினோம். ஆனாலும் நாலடிக் கம்பிவலையைத் தாண்டுகிறது.
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: அது பறக்கவில்லை, ஏறுகிறது. நகத்தால் வலையைப் பற்றி, இறக்கையை அடித்துக்கொண்டே மேலே போய்விடும். வேலியோரம் விறகு, கல், தொட்டி எதுவும் இருக்கக்கூடாது. வலையின் மேல்முனையில் ஓர் அடியை உள்பக்கமாகச் சாய்த்துக் கட்டுங்கள். வெட்டிச் சில மாதம் ஆகியிருந்தால் இறக்கையையும் விரித்துப் பாருங்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் வாத்து பறக்கும் இறகுகளை ஏறக்குறைய ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். புதியது வளர்ந்ததும் மறுபடி பறக்கும். அவை முற்றிய பிறகே அடுத்த வெட்டு.

கேள்வி: குஞ்சிலேயே இறக்கை நுனியை வெட்டிவிட்டால் ஆயுசுக்கும் பறக்காதாமே?
– வாசகர், ஆம்பூர்

பதில்: அது எலும்போடு வெட்டி எடுப்பது. வீட்டில் செய்யக் கூடாது. வலியும் இரத்தப்போக்கும் மட்டுமல்ல, பிறகு மனம் மாறினாலும் திரும்பாது.

கேள்வி: இறகு வெட்டிய பெட்டை அடைகாக்குமா?
– வாசகி, செஞ்சி

பதில்: காக்கும். முட்டையை அணைக்கும் உடம்பு இறகுகள் அப்படியே இருக்கின்றன. மணிலா முட்டை பொரிக்க 35 நாள் ஆகும். நாட்டு வாத்துக்கு 28. அத்தனை நாளும் அது தரையில்தான் இருக்கும், நாயோ கீரியோ வந்தால் பறந்து தப்ப முடியாது. அடைப்பெட்டியைக் கொட்டகைக்குள் வைத்து, அடியில் சந்து இல்லாத கதவாகப் போட்டு, இரவில் சாத்துங்கள்.