உண்மை தெரிந்த பிறகும் நாடகம் ஏன் நீள்கிறது?

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழு சோபோக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தைப் போடப்போகிறது. தான் யாரென்று ஈடிபஸுக்குத் தெரிந்ததுமே கதை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் சுமார் 300 வரிகள், பெரும்பாலும் புலம்பல். நேரமும் குறைவு. கடைசிக் காட்சியை வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டாதீர்கள். நேரம் போதாவிட்டால் நடுவில் வரும் கோரஸ் (ஊர்ப் பெரியவர்களாக வரும் பாடகர் குழு) பாடல்களைச் சுருக்குங்கள், பாதகமில்லை.

கதை முடிந்துவிட்டது என்கிறீர்கள். ஆனால் ஈடிபஸ் யாரென்பது, அதாவது அறியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் என்பது, ஏதென்ஸ் பார்வையாளர்களுக்கு நாடகம் தொடங்கும் முன்பே தெரியும். அவர்கள் ஊரறிந்த பழங்கதை அது. தெரிந்தபின் அந்த மனிதன் என்ன ஆகிறான் என்பதில்தான் சோபோக்ளிஸின் கைவரிசை.

இந்தக் கடைசிப் பகுதிக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் எக்ஸொதோஸ். கோரஸின் கடைசிப் பாட்டுக்குப் பின் வருவது என்று அரிஸ்டாட்டில் ‘கவிதையிய’லில் வறட்சியாக இலக்கணம் சொல்லிவிட்டுப் போகிறார். எக்ஸொதோஸ் எங்கே வரும் என்பதற்கு அந்த இலக்கணம் போதும். எதற்கு என்பதை நாடகத்தில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அரண்மனை ஆள் ஒருவன் வெளியே வந்து, ஈடிபஸின் தாயும் மனைவியுமான ஜோகாஸ்டா தூக்கிட்டுக்கொண்டதையும், அவள் ஆடையின் ஊசிகளால் ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொண்டதையும் சொல்கிறான். எதுவும் மேடையில் நடப்பதில்லை. காதால் கேட்டு முடித்த பிறகுதான் ஈடிபஸே வெளியே வருகிறான்.

அப்புறம் ஜோகாஸ்டாவின் சகோதரனும், இனி ஆட்சி செய்யப்போகிறவனுமான கிரியோன் வருகிறான். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். முந்தைய மன்னனைக் (அவன் தந்தைதான்) கொன்றவனை ஊரைவிட்டு விரட்ட வேண்டும் என்று முன்பு ஆணையிட்டவனே ஈடிபஸ்தான். இப்போது “என்னை விரட்டு” என்று கேட்கிறான். அதுகூட உடனே கிடைப்பதில்லை. கடவுளிடம் கேட்டுத்தான் முடிவு என்கிறான் கிரியோன். சற்று முன்வரை வாக்கே சட்டமாக இருந்தவன், தண்டனைக்கும் அனுமதி கேட்டு நிற்கிறான். இது எப்படிப் புலம்பலாகும்?

மகன்களைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை, ஆண்கள் பிழைத்துக்கொள்வார்கள். மகள்கள் இருவரையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறான். வந்ததும், உங்கள் அண்ணனின் கைகளுக்கு வாருங்கள் என்று அழைக்கிறான். அதுவரை துப்பறியும் விஷயமாக இருந்த உண்மை, அந்த ஒரு வரியில் குடும்பத்துக்குள் வந்து விழுகிறது. இவர்களை யார் மணப்பார்கள் என்றும் கேட்கிறான். குழந்தைகளைப் பிரிக்கும்போது “பறிக்காதே” என்று கெஞ்ச, எல்லாவற்றிலும் உன் பிடியே நடக்க வேண்டும் என்று நினைக்காதே என்று கிரியோன் வாயை அடைக்கிறான். ஈடிபஸை நாடுகடத்தவும் இல்லை, உள்ளேதான் அனுப்புகிறார்கள். இந்த முடிவு ஏன் என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

இதோடு யூரிப்பிடிஸின் ‘மீடியா’வை (கி.மு. 431) வைத்துப் பாருங்கள். தன்னைக் கைவிட்ட கணவன் ஜேசனைப் பழிவாங்க, மீடியா பிள்ளைகளைக் கொன்றுவிடுகிறாள். ஜேசனும் இறந்த பிள்ளைகளை ஒருமுறை தொடத்தான் கெஞ்சுகிறான். மீடியா சூரியக் கடவுள் தந்த ரதத்தில், எட்டாத உயரத்தில் நின்று மறுத்துவிடுகிறாள். ரதத்தை உயரத்தில் நிறுத்தும் மேடை இயந்திரத்தால் கதையின் முடிச்சை அவிழ்ப்பது சரியில்லை என்று அரிஸ்டாட்டில் இந்த நாடகத்தைக் குறை சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த உயரம்தான் ஜேசனுக்குத் தண்டனை. இரண்டு நாடகங்களிலும் பிள்ளைகளைத் தொடும் ஆசை கடைசிக் காட்சிக்கென்றே மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது.

நடைமுறைக்கு ஒன்று: மகள்களுக்கு வசனமே கிடையாது. நடிக்கத் தெரியாத சிறுமிகள் இருவர் போதும். ஈடிபஸின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரி.

கத்தரி வைத்தே தீர வேண்டுமென்றால், எவரையும் சாகும்வரை பாக்கியசாலி என்று சொல்லாதீர்கள் என்று கோரஸ் முடிக்கும் கடைசிச் சில வரிகளில் வையுங்கள். அவை சோபோக்ளிஸ் எழுதியவைதானா என்ற சந்தேகம் அறிஞர்களிடையே நெடுநாளாக இருக்கிறது. போனாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.