முதலில் ஹாலை அளந்துகொள்ளுங்கள்: ஸ்டீரியோ கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஹால் 14 அடிக்கு 11 அடி. டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை. எண்பதுகளின் சினிமாப் பாடல்களும் கர்நாடக சங்கீதமும்தான் அதிகம் கேட்போம். ஆம்ப்ளிஃபயருக்கும் தரையில் நிற்கும் ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். சேனலுக்கு 200 வாட்ஸ் இல்லாத ஆம்ப் டவர் ஸ்பீக்கரை இழுக்காது என்கிறார் கடைக்காரர். உண்மையா? எதை முதலில் பார்ப்பது?
– மதுரை வாசகர்

பதில்: உண்மை இல்லை. முதலில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் அதற்கேற்ற ஆம்ப். ஒன்றரை லட்சத்தில் ஒரு லட்சம் வரை ஸ்பீக்கருக்கே போகட்டும். ஒழுங்காக வடிவமைத்த இரண்டு ஆம்ப்களுக்கு நடுவே காதுக்குத் தெரியும் வித்தியாசம் சின்னது, ஆனால் இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்டால் ஒரே பாடகி வேறு வேறு ஆளாகத் தெரிவார், பணம் அங்கேதான் வேலை செய்கிறது.

இப்போது வாட்ஸ் கணக்கு. ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும், 88 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் என்று பொருள். உங்கள் ஹாலில் 3 மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால், தூரத்தால் குறைவதையும் இரண்டு ஸ்பீக்கர் சேர்வதையும் கணக்கில் எடுத்தாலும், அந்த ஒரே ஒரு வாட்டில் 84 டெசிபலை ஒட்டி வரும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல்தான். நீங்கள் 75 டெசிபல் சராசரியில் பாட்டு கேட்டால் ஆம்ப் கொடுப்பது கால் வாட்டுக்கும் குறைவு. நடுவில் தவிலோ டிரம்ஸோ ஓங்கி விழும்போது 20 டெசிபல் எகிறினாலும் 13 வாட்ஸுக்குள் முடிந்துவிடும். சேனலுக்கு 50, 60 வாட்ஸ் இருந்தால் தாராளம். 100 வாட்ஸை 200 ஆக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல், கவனித்துக் கேட்டால்தான் தெரியும் அளவு. 1978இல் நாட் (NAD) நிறுவனம் கொண்டுவந்த 3020 ஆம்பின் அறிவித்த சக்தி சேனலுக்கு 20 வாட்ஸ், உலகம் முழுக்க வீடுகளில் அது நன்றாகவே பாடியது.

கடைக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. சக்தி போதாத ஆம்பைத் தாங்கும் அளவுக்கு மேல் திருகினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும், அது உச்சஸ்தாயி ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைச் சுட்டுவிடக்கூடும். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது இம்பிடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை. 8 ஓம் என்று எழுதியிருக்கும் டவர் ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்கக்கூடும், அப்போது ஆம்ப் கூடுதல் கரன்ட் தர வேண்டும். அதனால் ஆம்பின் விவரத்தில் 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் தனித்தனியாக வாட்ஸ் கொடுத்திருக்கிறார்களா, இரண்டு சேனலும் ஒன்றாக இயங்கும்போது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்த எண்ணா என்று பாருங்கள். விளம்பரத்துக்காக ஊதிக் காட்டும் உச்ச சக்தியை பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அந்த எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

அடுத்தது ஹால், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அறையின் நீளமும் அகலமும் உயரமும் சில தாழ்ந்த ஸ்வரங்களைத் தூக்கிக் கொடுக்கும். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர், அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் வந்துவிடும். உங்கள் 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 51, கூரை 10 அடி என்றால் 56. மரச்சட்டமும் பலகையும் கொண்டு கட்டும் வெளிநாட்டு வீடுகளில் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி கொஞ்சம் சுவர் வழியே வெளியேறிவிடும், நம் செங்கல் சுவரும் காங்கிரீட்டும் அதை உள்ளேயே வைத்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலி தரும் கூம்பான வூஃபர், எட்டு அங்குலத்தில் இரண்டு வைத்த பெரிய டவரை இந்த ஹாலில் நிறுத்தினால் மிருதங்கத்தின் தொப்பி தெளிவாக விழாமல் கும்மென்று இழுத்துக்கொண்டே போகும்.

நீங்கள் கேட்கும் இசைக்கு அவ்வளவு ஆழம் தேவையும் இல்லை. ஒரு கட்டை சுருதியில் ஆண் பாடகருக்கு மீட்டும் தம்பூராவின் மந்தர ஷட்ஜம் 65 ஹெர்ட்ஸ், நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41. எனவே ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் வைத்த ஒல்லியான டவர் போதும். வார்ஃப்டேல், டாலி, போல்க் என்று எதுவாக இருந்தாலும் பெயரைவிட இந்த அளவைப் பாருங்கள். புனல் வடிவ ஹார்ன் ட்வீட்டர் உள்ள க்ளிப்ஷ் வகை குறைந்த வாட்ஸிலேயே கம்பீரமாகப் பாடும், ஆனால் வெறும் டைல்ஸ் ஹாலில் உச்சஸ்தாயி சிலர் காதுக்குக் கூர்மையாக இருக்கும், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நிறுத்தும்போது பின்சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளியே நிறுத்துங்கள், மூலையில் ஒட்டவே வேண்டாம். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஏறத்தாழ சம முக்கோணம். சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தடிமனான ஒரு கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரை. அவ்வளவு இடம் விட வீட்டில் சம்மதிக்கவில்லை என்றால் டவரை விட்டுவிட்டு, ஸ்டாண்டில் வைக்கும் சின்னப் பெட்டியான நல்ல புக்‌ஷெல்ஃப் ஜோடி வாங்குங்கள், சுவரோடு ஒட்டிய டவரைவிட அது நன்றாக இருக்கும்.

கேள்வி: வீட்டில் ஏற்கெனவே 5.1 ஹோம் தியேட்டர் ரிசீவர் இருக்கிறது. டவர் ஸ்பீக்கரை அதிலேயே மாட்டலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: தாராளமாக. ஸ்டீரியோ மோடில் போட்டுக் கேளுங்கள். போதவில்லை என்று உங்கள் காது சொன்னால், ரிசீவரில் வெளி ஆம்பை இணைக்கும் ப்ரீ-அவுட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஆம்ப் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: அடுக்குமாடியில் இருக்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல் குறைத்து வைத்துத்தான் கேட்க முடிகிறது. அப்போது பேஸ் இல்லாமல் பாட்டு சப்பென்று இருக்கிறது. இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் சரியாகுமா?
– கோவை வாசகி

பதில்: ஆகாது. சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் மனிதக் காதுக்கே குறைந்துவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1933இலேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். இதற்கு மருந்து, குறைந்த சத்தத்தில் பேஸைத் தூக்கிக் கொடுக்க ஆம்பில் இருக்கும் லவுட்னஸ் வசதி. ஆன், ஆஃப் என்ற வெறும் பொத்தானைவிட, யமஹாவின் ஏ-எஸ் வரிசை ஆம்ப்களில் இருப்பதுபோல் படிப்படியாகத் திருகும் வகை உங்களுக்கு மிகவும் பயன்படும், ஏனென்றால் எவ்வளவு குறைத்துக் கேட்கிறீர்களோ அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளலாம். இந்த வசதியை எதற்கோ வைத்திருக்கிறார்கள் என்று ஒதுக்காதீர்கள், இரவில் கேட்பவர்களுக்கு 100 வாட்ஸைவிட இது பெரிய விஷயம். ஒன்று மட்டும், பேஸை அதிகம் ஏற்றினால் தளத்தின் வழியாகக் கீழ்வீட்டுக்கு அதுதான் முதலில் போய்ச் சேரும்.

கேள்வி: ஸ்பீக்கர் வயருக்கு மட்டும் பதினைந்தாயிரம் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனில் சுத்தமான செம்பு வயர் போதும். ஐந்து மீட்டர் ஓடினாலும், போக வர, அதன் மின்தடை 0.07 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இது ஒரு சதவீதம்கூட இல்லை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயரைத் தவிருங்கள். சிவப்பு, கறுப்பு முனைகளை இரண்டு பக்கமும் மாறாமல் மாட்டுங்கள், ஒரு ஸ்பீக்கரில் மாறினாலும் பேஸ் காணாமல் போய்ப் பாடகர் நடுவில் நிற்காமல் சிதறுவார். மிச்சப் பணத்தில் கம்பளம் வாங்குங்கள்.

கேள்வி: பழைய டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி பாதி விலைக்கு வருகிறது. சென்னையில் கடற்கரை ஓரத்து வீட்டில் இருந்தது. எதைச் சோதிப்பது?
– சென்னை வாசகர்

பதில்: வூஃபர் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமா ரப்பரா என்று முதலில் பாருங்கள். ஃபோம் நம் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் பத்து, இருபது வருடத்தில் உதிர ஆரம்பித்துவிடும், ரப்பர் நீண்ட காலம் தாங்கும். விரல்களை விரித்துக் கூம்பை மெல்லச் சமமாக அழுத்துங்கள், உரசும் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். பின்னால் டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா, பெட்டியின் அடிப்பகுதி ஈரத்தில் ஊதியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பேலன்ஸைத் திருப்பி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக ஒரே ஆண் குரலைக் கேளுங்கள். இரண்டிலும் குரல் ஒன்றுபோல இல்லை என்றால் பாதி விலைகூட அதிகம்.