பட்டாளத்து வரிசை

அன்புள்ள ஐயா,

ஜஸ்வந்த் சிங் பற்றி நீங்கள் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதன் பிறகு அவர் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தேன். ராணுவ அதிகாரி, வெளியுறவு அமைச்சர், நிதியமைச்சர். அப்படிப்பட்டவர் 1999-இல், கடத்தப்பட்ட இந்திய விமானத்தின் பயணிகளை மீட்க, சிறையிலிருந்து விடுவித்த பயங்கரவாதிகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு கந்தஹாருக்குப் போனது சரியா? இன்னொன்று: எம்.எல்.ஏ. ஆக விரும்புகிறவர் ஐந்து ஆண்டாவது ராணுவத்தில் இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தால் அரசியலுக்குக் கட்டுப்பாடு வரும் என்பது என் எண்ணம். உங்கள் கருத்து என்ன? என் வீடு நங்கநல்லூரில். ராணுவ அதிகாரி தேர்வுக்கான எஸ்.எஸ்.பி. நேர்காணலில் இரண்டு முறை தேறவில்லை.

ஆர்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணிலிருந்து என் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். கறுப்புப் பெயிண்ட் உதிர்ந்த இரும்புப் பெட்டி. மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் படை எண், ஹவில்தார், பெயர். கையில் அந்தத் தூசியோடு உங்கள் கேள்வியைப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

முதலில் உங்கள் கடைசி வரி. எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, போனால் போகிறது என்று அதை ஒட்டவைத்திருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதம் முழுக்க அந்த வரிதான் கேட்டது. ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இருக்கும் பரங்கிமலைக்குப் பக்கத்திலேயே வீட்டை வைத்துக்கொண்டு அதன் மதில் சுவரைத் தினமும் கடந்து போவது எவ்வளவு வலி என்று எனக்குப் புரிகிறது. வயது வரம்பு தாண்டும் வரை எழுதுங்கள். தேறாவிட்டால் உங்களுக்குக் குறை ஏதும் இல்லை. அந்த ஐந்து நாள் சோதனை உங்கள் முழு அளவையும் எடுத்துவிடாது.

கந்தஹார் பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதிவிட்டார்கள். ஓர் அதிகாரியை அனுப்பிவிட்டு டெல்லியில் இருந்திருக்கலாம். பழி தன் மேல் விழும் என்று தெரிந்தே அவர் போனார். விடுதலை செய்த முடிவு அமைச்சரவையின் முடிவு. அதற்கு மேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கட்டுப்பாடு என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் உதாரணம் காட்டும் மனிதரின் வாழ்க்கையைச் சரியாகப் படித்தீர்களா? ராஜஸ்தானில் பார்மர் பக்கம் ஜசோலில் 1938-இல் பிறந்தவர். 1957-இல் சென்ட்ரல் இந்தியா ஹார்ஸ் படைப்பிரிவில் அதிகாரியானார். 1962, 1965 இரண்டு போர்க் காலங்களிலும் சீருடையில் இருந்தார். 1966-இல் தாமாகவே விலகினார். 1980-இல்தான் மாநிலங்களவைக்குள் நுழைந்தார். நடுவே 14 ஆண்டுகள். அதையெல்லாம் தாண்டிவிட்டு, தோள்பட்டையில் பட்டி வைத்த அவருடைய சட்டையை மட்டும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்க வெளியுறவுத் துணைச் செயலர் ஸ்ட்ரோப் டால்பாட்டோடு 14 சுற்றுப் பேச்சு நடத்தினார். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு உத்தரவு போட முடியாது. அவன் உத்தரவுக்குத் தலையாட்டவும் கூடாது. இந்த வேலையைப் பட்டாளம் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு அவருக்கு என்ன நடந்தது? 2009-இல் ஜின்னாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்காக, சிம்லாவில் அவருடைய கட்சியான பா.ஜ.க. கூடியிருந்தபோது தொலைபேசியில் சொல்லி அவரை நீக்கினார்கள். அடுத்த ஆண்டு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். 2014-இல் சொந்தப் பகுதியான பார்மர் தொகுதியில் டிக்கெட் தரவில்லை. சுயேச்சையாக நின்றார். மறுபடி நீக்கினார்கள். சுமார் 4 லட்சம் வாக்கு வாங்கித் தோற்றார். தோற்கடித்த சோனாராம் சவுத்ரியும் ஓய்வுபெற்ற கர்னல்தான்; காங்கிரஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தவர். அந்த ஆகஸ்டில் ஜஸ்வந்த் வீட்டில் விழுந்து தலையில் அடிபட்டார். ஆறு ஆண்டு நினைவின்றிக் கிடந்து 2020 செப்டம்பரில் இறந்தார்.

கட்டுப்பாட்டுக்காக நீங்கள் கொண்டாடும் ராணுவக்காரரைக் கட்சி இரண்டு முறை வெளியே தள்ளியதே கட்டுப்பாடு இல்லை என்றுதான், தம்பி!

நம் சட்டமன்றத்தில் கட்டுப்பாட்டுக்கு என்ன குறை? 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததிலிருந்து கொறடா சொன்ன பக்கம் கை தூக்காவிட்டால் பதவியே போய்விடும். எந்தப் படையிலும் இவ்வளவு ஒழுங்கான அணிவகுப்பைப் பார்க்க முடியாது. அண்ணா 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' என்றார். நாம் நடுவில் இருந்ததைத் தொலைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம். அதை வாங்கி வர நீங்கள் பரங்கிமலைக்கு ஆள் அனுப்பப் பார்க்கிறீர்கள். ராணுவக்காரர் வந்தால் ராணுவக்காரருக்காவது நல்லது நடக்கும் என்றும் நினைக்காதீர்கள். முன்னாள் அதிகாரிகள் பலர் அமைச்சர்களாக இருந்திருக்கிறார்கள். எந்த ஆண்டு ஓய்வுபெற்றாலும் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற திட்டம் 2015 வரை வரவில்லை. பதக்கம் அணிந்த கிழவர்கள் அதற்காக டெல்லி ஜந்தர் மந்தரில் போராட உட்கார வேண்டியிருந்தது.

என் சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 22 ஆண்டுகள் இருந்தவர். ஆவடிப் பக்கம் வீடு கட்டினார். 1996 அக்டோபரில், பத்து ஆண்டுக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது வார்டு உறுப்பினர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றார். சின்னம் பூட்டு சாவி. நான் அப்போது கல்லூரி மாணவன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

தேர்தலுக்கு முன்பே அவர் தண்ணீர் லாரியை ஒழுங்குபடுத்த இறங்கிவிட்டார். குடங்களில் சாக்பீஸால் எண் போட்டார். லாரி வந்ததும் விசில் ஊதுவார். எண்ணை மீறி யாரும் பிடிக்கக் கூடாது. முதல் வாரம் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவது வாரம் ஓர் அம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னார்: "தம்பி, நீங்கள் வருவதற்கு முன்பும் இங்கே வரிசை இருந்தது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவள் முதலில். கைக்குழந்தைக்காரி அடுத்து. வீட்டில் இருக்கிற நாங்கள் கடைசியில். உங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை. நாங்கள் என்ன உங்கள் பட்டாளமா?"

சித்தப்பா விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். முகம் சிவந்துவிட்டது. வீடு வரும் வரை என்னோடு பேசவில்லை. தேர்தலில் 211 வாக்கு.

அவர் அரசியல் அங்கே முடியவில்லை. எந்தப் பதவியும் இல்லாமல் பதினைந்து ஆண்டு செய்தார். ராணுவத்தில் இருந்த கணவரை இழந்த பெண்கள் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வருவார்கள். ஓர் ஆவணத்தில் மனைவி பெயர் 'செல்லம்மாள்', இன்னொன்றில் 'செல்லம்மா'. அந்த ஓர் எழுத்துக்காகக் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோயிருக்கும். திருவள்ளூருக்குப் பஸ் ஏறுவார், மனு எழுதுவார், மறுபடி போவார். அந்தப் பெண்கள் பேசி முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். தேர்தலுக்கு முன் நான் பார்த்த சித்தப்பா இல்லை அவர். ஜஸ்வந்த் சிங்கையும் இவரையும் ஒரே மூச்சில் பேசுவது உங்களுக்குப் பொருத்தமில்லாமல் தோன்றலாம். அந்த மேஜர் வேறு உயரம், இந்த ஹவில்தார் வேறு உயரம். உத்தரவு செல்லாத இடத்தில் எப்படி நிற்பது என்பதை இருவரும் வெளியே வந்த பிறகே கற்றார்கள். உங்கள் சட்டம் வந்தாலும் அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

பெட்டிக்குள் பச்சைக் கம்பளி, பிராசோ டப்பா, களிம்பு ஏறிய பெல்ட் கொக்கி இருந்தன. அடியில் ஒரு நீள நோட்டு. குடங்களின் எண், வீட்டு எண் என்று பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டிருக்கிறார். வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் தேதியில் முந்தைய கட்டங்கள் எல்லாம் ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருக்கின்றன. கீழே அவருடைய குண்டு எழுத்தில்: கம்பெனி பஸ் — முதல். கைக்குழந்தை — அடுத்து. மற்றவர்கள் — கடைசி. அதற்கும் கீழே, பென்சிலில், அந்த அம்மாளின் வீட்டு எண்.