குத்துச்சண்டை மறுபோட்டியில் யார் வெல்வார் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். முதல் போட்டியில் வென்றவர் யார் என்பதை விட, தோற்றவர் எதனால் தோற்றார் என்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் காரணம் சில மாதப் பயிற்சியில் திருத்திக்கொள்ளக் கூடியதா, அவருடைய ஆட்டத்திலேயே ஊறிப்போனதா என்று பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது. இதை நான் ஒரு போட்டியைத் தவறாகக் கணித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

2019 ஜூன் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், மாற்று வீரராகக் களமிறக்கப்பட்ட ஆண்டி ரூயிஸ், ஹெவிவெயிட் சாம்பியனான ஆண்டனி ஜோஷுவாவை நான்கு முறை தரையில் வீழ்த்தி ஏழாவது சுற்றில் வென்றார். ரூயிஸின் கைவேகத்துக்கு ஜோஷுவாவிடம் பதிலே இல்லை, மறுபோட்டியிலும் இதேதான் நடக்கும் என்று நண்பர்களிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். பிறகுதான் மூன்றாவது சுற்றை நிதானமாகத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதில் முதலில் விழுந்தவர் ரூயிஸ். அவர் எழுந்ததும், ஆட்டத்தை அப்போதே முடித்துவிடும் அவசரத்தில், உயரமும் கை நீளமும் கூடுதலாக உள்ள ஜோஷுவா அவற்றை மறந்து நெருங்கிப் போய் மாறி மாறிக் குத்தினார். அந்த நெருக்கத்தில் ரூயிஸின் இடது கை ஹூக் (பக்கவாட்டிலிருந்து வளைத்து வீசும் குத்து) ஜோஷுவாவின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. அதன் பிறகு அவருடைய கால்கள் அன்று தெளியவே இல்லை. எட்ட நின்று குத்த வேண்டியவர் கிட்டப் போனதுதான் பிழை என்றால், அது திருத்தக் கூடிய பிழைதானே?

டிசம்பரில் சவூதி அரேபியாவின் திரியாவில் மறுபோட்டிக்கு முந்தைய நாள் எடை பார்த்தபோது, ஜோஷுவா சுமார் 5 கிலோ இளைத்திருந்தார். ரூயிஸுக்குச் சுமார் 7 கிலோ கூடியிருந்தது. ஒருவர் ஓடி ஆடுவதற்குத் தயாராகி வந்திருக்கிறார், மற்றவர் வெற்றியைக் கொண்டாடிவிட்டு வந்திருக்கிறார் என்பது அப்போதே தெரிந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஜோஷுவா 12 சுற்றுகளும் எட்ட நின்று ஜாப் (முன்கையை நேராக நீட்டி அடிக்கும் குத்து) அடித்து, வட்டமிட்டு விலகி, மூன்று நடுவர்களும் கொடுத்த 118-110, 118-110, 119-109 என்ற புள்ளிகளில் பட்டத்தை மீட்டார். பார்ப்பதற்குச் சலிப்பூட்டிய போட்டிதான். மறுபோட்டிக்கு அதுவே சரியான ஆட்டம்.

முதல் போட்டி மயிரிழையில் முடிந்திருந்தால் கணிப்பது கடினம். 2024 மே மாதம் உக்ரைன் ஹெவிவெயிட் வீரர் ஒலெக்சாண்டர் உசிக், பிரிட்டன் வீரர் டைசன் ஃபியூரியை வென்றபோது நடுவர்களில் ஒருவர் ஃபியூரிக்கே புள்ளி கொடுத்திருந்தார். டிசம்பர் மறுபோட்டியில் மூவருமே 116-112 என்று உசிக்குக்குக் கொடுத்தார்கள்.

திருத்த முடிந்த தோல்வி, முடியாத தோல்வி என்ற இரண்டையும் ஒரே வீரரிடம் பார்க்க வேண்டுமானால் அமெரிக்க ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஃப்ளாய்ட் பேட்டர்சனைப் பாருங்கள். 1959இல் ஸ்வீடன் வீரர் இங்கெமார் யோஹான்சன், மூன்றாவது சுற்றில் மட்டும் அவரை ஏழு முறை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். யோஹான்சனின் வலக்கைக் குத்துக்கு எச்சரிக்கையாக இருக்கக் கற்றுக்கொண்ட பேட்டர்சன், அடுத்த ஆண்டே அவரை ஐந்தாவது சுற்றில் நாக் அவுட் செய்தார். ஆனால் 1962இல் எதிரே நின்ற சானி லிஸ்டன் அவரை விடப் பெரிய உடலும் நீண்ட கைகளும் கொண்டவர். அது பயிற்சியால் சரிக்கட்டக் கூடிய வித்தியாசம் அல்ல. அந்தப் போட்டி 2 நிமிடம் 6 வினாடியில் முடிந்தது. பத்து மாதம் கழித்து நடந்த மறுபோட்டி 2 நிமிடம் 10 வினாடி நீடித்தது.