மனையை விற்காதீர்கள், மகளை ஒரு மதியம் கம்பெனிக்குக் கூட்டிப்போங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணக்கில் தட்டுத்தடுமாறி 58. "பெங்களூரு மச்சினர் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்தான் சேர்க்கணும் என்கிறார். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கிறார்கள். அவிநாசி பக்கம் ஒரு மனை இருக்கிறது, அதை விற்று மீதிக்கு லோன் போடலாமா? அவளோ பி.ஏ. இங்கிலீஷ் போகிறேன் என்று நிற்கிறாள். தூக்கமே இல்லை சார்."

கவலை நியாயமானதுதான். அதற்காக "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. மனையை விற்காதீர்கள்.

அந்தப் படிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதன் உள்ளே இருப்பது லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, புள்ளியியல், பைதான். கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்கு அதில் அரியர்தான் சேரும். மச்சினர் படிப்பின் பெயரைப் பார்த்தார், பாடத்திட்டத்தைப் பார்க்கவில்லை. பத்து லட்சத்தையும் கடனாக வாங்கினால், 10 சதவீத வட்டியில் பத்து வருஷத் தவணை மாதம் சுமார் 13,200 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. அதைக் கட்டப்போவது மச்சினர் இல்லை.

பி.காம்., சி.ஏ., டி.என்.பி.எஸ்.சி. பற்றியெல்லாம் ஊரே சொல்லும், விடுங்கள். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பரீட்சைக்கு முந்தின நாள் இவள் அனுப்பும் வாய்ஸ் நோட்டைக் கேட்டுத்தான் பாதி வகுப்பு படிக்குமாம். நான் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான்.

புரியாததைப் புரியவைப்பதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் என்பார்கள். கம்பெனி ஊழியர்களுக்கான ஆன்லைன் பயிற்சிகளை வடிவமைப்பவர். வங்கி, மருந்து ஆலை, மருத்துவமனை, ஐடி கம்பெனி என்று எல்லா இடத்திலும் இதற்குத் தேவை உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. அதன்படி நிறுவனங்கள் ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி தந்தே ஆக வேண்டும். இந்த மாதிரிப் பயிற்சிகளை யாராவது உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும்? நாள்கணக்கில் இழுத்த முதல் வரைவை இன்று ஏஐயிடம் சரியாகக் கேட்டால் ஒரு மதியத்தில் வாங்கிவிடலாம். அந்த 'சரியாக' என்பதில்தான் சம்பளம் இருக்கிறது.

உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். தையல் மெஷினில் ஊசி உடைகிறது. "ஊசி உடைந்தால் என்ன செய்வது என்று ஒரு பயிற்சி எழுது" என்று கேட்டால், பாதுகாப்பின் முக்கியத்துவம், கவனமாக இருங்கள் என்று எந்த ஆலைக்கும் பொருந்தும் நாலு பத்தி வரும். அது உங்கள் லைனுக்கு உதவாது. உடைந்த துண்டு அத்தனையும் கிடைக்க வேண்டும், அவற்றைச் சேர்த்துப் பார்த்து ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும், பழையதைக் கொடுக்காமல் புது ஊசி கிடையாது, ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டிலைத் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். ஆளுக்குத் தெரிய வேண்டியது இதுதான்.

விவரம் தெரிந்தவள் முதலில் சூப்பர்வைசரிடம் போவாள். புதுசாக வருகிறவர்கள் எங்கே தப்பு செய்கிறார்கள் என்று கேட்பாள். திட்டுக்குப் பயந்து துண்டைக் கீழே தள்ளிவிடுகிறார்கள் என்று அவர் சொல்வார். அப்புறம்தான் ஏஐயிடம் உட்காருவாள்: "படிக்கப்போவது எட்டாவது வரை படித்த ஒடியாத் தொழிலாளி, கையில் போன், நேரம் ஆறு நிமிடம். இதோ கம்பெனியின் ஊசி விதிமுறை; இதில் இல்லாத எதையும் சேர்க்காதே. முடிவில் அவர் செய்துகாட்ட வேண்டியவற்றை மட்டும் முதலில் பட்டியலிடு." அதைத் திருத்திய பிறகே திரைக்குத் திரை ஸ்டோரிபோர்டு கேட்பாள்: எழுத்து, குரல், படம். கடைசியில் கேள்விகள். தப்பான விடைகள் ஆட்கள் நிஜமாகச் செய்யும் தப்புகளாக இருக்க வேண்டும் என்பாள். சரியான விடையை மட்டும் நீளமாக எழுதிவிடுவது ஏஐயின் கெட்ட பழக்கம். பாடம் படிக்காதவன்கூட நீளத்தைப் பார்த்தே டிக் அடித்துவிடுவான். அதையும் வெட்டிச் சமப்படுத்துவாள். ஒடியா மொழிபெயர்ப்பை லைனில் இருக்கும் ஒடியாக்காரர் ஒருவர் வாசித்துச் சரி என்று சொல்லாமல் வெளியே விடமாட்டாள்.

இந்த வேலையை ஐந்து படிகளாக முறைப்படுத்தும் ஆடி (ADDIE) என்ற வழிமுறை, 1975-இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவானது. தேவையை ஆராய், வடிவமை, உருவாக்கு, நடைமுறைப்படுத்து, மதிப்பிடு. ஏஐ நடுவில் உள்ள உருவாக்கும் வேலையைத்தான் பெரிதும் சுருக்குகிறது. இரண்டு முனையிலும் ஆள் வேண்டும்.

"அதையும் ஏஐயே செய்துவிடாதா?" என்று மச்சினர் கேட்பார். நல்ல கேள்விதான். கொடுத்ததை ஸ்லைடில் ஒட்டும் வேலைக்கு ஆபத்து வந்துவிட்டது, மறைக்கவில்லை. தொடக்கச் சம்பளமும் கொழுத்தது அல்ல. ஆனால் சூப்பர்வைசரிடம் போய் வாயைக் கிளறி விஷயத்தை வாங்குகிறவளுக்கு அந்தப் பயம் குறைவு.

ஆகவே அவள் கேட்ட பி.ஏ.வையே அரசுக் கல்லூரியில் சேருங்கள். செலவு வருஷத்துக்குச் சில ஆயிரத்தில் முடியும். ஆன்லைன் வகுப்பு நடத்தும் மூடில், கேள்வி-பதிலோடு பாடம் செய்யும் எச்5பி, இரண்டு மென்பொருளும் இலவசம். பாடம் செய்து ஏற்றுவது எப்படி என்று அவற்றைத் தோண்டியே பழகலாம். கம்பெனிகள் பயன்படுத்தும் ஸ்டோரிலைன் என்ற கட்டண மென்பொருள் பிறகு வரட்டும். மூன்று வருஷத்தில் நல்ல மாதிரிப் பாடங்கள் மூன்று கையில் இருந்தால் சென்னை, பெங்களூரு இ-லேர்னிங் கம்பெனிகளின் கதவைத் தட்டலாம். ஏஐயிடம் கேட்கக் கற்றுத்தருகிறேன், 'பிராம்ப்ட் எஞ்சினியரிங்' சான்றிதழ் என்று எவனாவது அரை லட்சம் கேட்டால், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்த வாரமே அவளை உங்கள் கம்பெனிக்கு ஒரு மதியம் கூட்டிப்போங்கள். அந்த ஊசிப் பாடத்தை அவளே செய்யட்டும். முடித்துவிட்டு 'போரடிக்குது அப்பா' என்றாளானால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம். பொறியியல் கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் தாமதிக்க வேண்டாம். குறித்த தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது விதி. அசல் மதிப்பெண் சான்றிதழையும் அவர்கள் வைத்துக்கொள்ள முடியாது. எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.